முகவரிடம் எந்தச் சாவி?

பொருளியலில் 'முதல்வர் - முகவர் சிக்கல்' என்ற ஒன்றைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தியிருக்கிறேன். வேலையை ஒப்படைப்பவர் ஒருவர், செய்பவர் வேறொருவர். முன்னவரின் நலனைப் பின்னவர் அப்படியே காப்பார் என்பதற்கு உறுதியில்லை. மைக்கேல் ஜென்சனும் வில்லியம் மெக்லிங்கும் 1976-இல் நிறுவனங்களை முன்வைத்து இதை விரிவாக ஆராய்ந்தனர். அதே சிக்கலை ஒரு மின்சுற்றுப் பலகையில் காண்பேன் என்று நான் எண்ணியதில்லை.

என் நண்பரின் மகன் மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகளை வடிவமைக்கிறார். பலகையின் நடுவே மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு சில்லு இருக்கும். அதன் உள்ளே நடப்பதைக் காண உதவும் கருவி டீபக்கர். மெல்லிய சில கம்பிகள் வழியே சில்லுடன் இணைந்து அதன் ஓட்டத்தை நிறுத்தும். நினைவகத்தைப் படிக்கும், அழிக்கும், புதிதாக எழுதும். இப்போது இக்கருவியைச் செயற்கை நுண்ணறிவு முகவரின் கையிலேயே கொடுத்துவிடுகின்றனர்.

நினைவகத்தைப் படிக்க முடியவில்லை, சரிசெய் என்று அந்த இளைஞர் ஒருநாள் முகவருக்குப் பணித்தார். சில்லு பூட்டப்பட்டிருந்ததே காரணம். முகவர் பூட்டைத் திறந்தது. எஸ்டிஎம்32 வகைச் சில்லுகளில் முதல்நிலைப் பூட்டைத் திறந்தால், உள்ளிருப்பதைப் பிறர் களவாடாதபடி ஃப்ளாஷ் நினைவகம் தானாகவே அழிந்துவிடும். பல நாள் அளந்து பதித்த திருத்த அளவீடுகள் அனைத்தும் போயின. இட்ட பணியை முகவர் முடித்துவிட்டது; நினைவகம் படிக்கக் கிடைத்தது, வெறுமையாக.

இதைவிட மோசமானவையும் உண்டு. அக்குடும்பத்தின் பல சில்லுகளில் இரண்டாம் நிலைப் பூட்டை இட்டால் டீபக்கரின் வழியே நிரந்தரமாக அடைபடும். ஈஎஸ்பி32 சில்லில் ஒருமுறை எரித்த ஃபியூஸ் பிட்டை மீட்க வழியில்லை. மீளமுடியாத முடிவுகளில் பொறுத்திருப்பதற்கே ஒரு மதிப்புண்டு என்று கென்னத் ஆரோவும் அந்தனி ஃபிஷரும் 1974-இல் சுற்றுச்சூழலைக் குறித்து எழுதினர். இங்கும் அதுவே அளவுகோலாக வேண்டும்: மீட்கக்கூடியதை முகவர் தானே செய்யட்டும், மீட்க முடியாததற்கு மனிதரின் ஒப்புதல் தேவை.

'அழிக்காதே' என்று முகவருக்கு எழுதிவைத்தால் போதாதா? போதாது. அது வேண்டுகோளேயன்றித் தடையன்று. அனுமதித்த கட்டளைகளை மட்டும் கடத்தும் இடைநிலை நிரல் ஒன்று வேண்டும். ஜிடிபி கருவியில் 'மானிட்டர்' என்ற கட்டளை, அதன்பின் எழுதுவதை நேரே டீபக்கர் சேவையகத்துக்கு அனுப்பிவிடும். அந்தச் சாளரம் திறந்திருந்தால் மற்ற கதவுகளைப் பூட்டிப் பயனில்லை.

படிப்பது மட்டும் தீங்கற்றது என்றும் கருதிவிடலாகாது. படித்தவுடன் தம் குறியை இழக்கும் பதிவகங்கள் உண்டு. மோட்டார் ஓடும்போது சில்லை நிறுத்தினால், முன்னேற்பாடு இல்லையேல், வெளியீடு கடைசி நிலையிலேயே தொடர்ந்து டிரான்சிஸ்டர் எரிந்துபோகக்கூடும். இதை அவர் விளக்கியபோதுதான் எனக்கே புரிந்தது.

இப்போது அவர் மேசையில் பூட்டைத் திறக்கும் கட்டளைக்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இரவில் முகவர் ஒப்புதலுக்குக் காத்துக்கிடப்பதால் வேலை தாமதமாகிறது என்று அவருக்குக் குறை. அந்தத் தாமதத்தின் விலையையும், அழிந்த அளவீடுகளை மீண்டும் எடுக்க ஆன நாள்களின் விலையையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.