வீட்டில் ஓய்வு யாருக்கு? நீரிழிவும் கால் அறுவையும் தூய்மைப் பணியாளரின் சட்ட உரிமைகளும்

நீரிழிவுப் புண்ணுக்காகக் காலில் அறுவை செய்துகொண்டு வீடு திரும்பும் தூய்மைப் பணியாளரின் கையில் மருத்துவமனைச் சீட்டு ஒன்று இருக்கும். காலை ஊன்றக் கூடாது, கட்டு நனையக் கூடாது, நாள்தோறும் கட்டு மாற்ற வேண்டும், இன்சுலினைத் தவறாமல் போட வேண்டும், ஓய்வு தேவை. மருத்துவ நோக்கில் இவற்றில் எதுவும் மிகையன்று. ஆனால், இந்த ஐந்து வரிகளை நிறைவேற்ற வாரக்கணக்கில் கூலியின்றி வாழும் வழியும், வழுக்காத தரையும், உட்காரத்தக்க கழிப்பறையும், குழாயில் நீரும், உடனிருக்க ஒருவரும் வேண்டும். இவை யாருக்கு உண்டு என்பதை மருத்துவம் முடிவு செய்வதில்லை. சாதி அதை ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. அதை எதிர்கொள்ளச் சட்டத்தில் என்னென்ன வழிகள் உள்ளன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புண் தொடங்கும் இடம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நீண்ட நாள் நீரிழிவு பாத நரம்புகளைச் சிதைக்கிறது. காலில் குத்தியது தெரியாமல் போகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் புண் ஆற வேண்டிய இடத்துக்கு இரத்தம் போதிய அளவில் செல்வதில்லை. கட்டுக்குள் வராத சர்க்கரை, கிருமித் தொற்றுக்குத் துணை போகிறது.

குப்பையில் கிடக்கும் கண்ணாடித் துண்டு, துருப்பிடித்த ஆணி, வீசியெறிந்த ஊசி ஆகியவற்றின் நடுவே, ஈரத்தில் ஊறிய கால்களோடு, பெரும்பாலும் ரப்பர் செருப்பு மட்டும் அணிந்து வேலை செய்பவர் இந்நோயோடு வாழும்போது என்ன நேரும் என்பதை ஊகிக்கலாம். மாலையில் செருப்பில் இரத்தம் கண்ட பிறகே காயம் தெரிகிறது. மருத்துவமனைப் பதிவேட்டில் ‘நீரிழிவுப் பாதம்’ என்று எழுதப்படுகிறது. கண்ணாடித் துண்டு அதில் இடம்பெறுவதில்லை. பணியிடக் காயம் தனிமனிதரின் நோயாக மாறுவது அந்தப் பதிவில்தான்.

வீடு என்னும் சிகிச்சைக்கூடம்

அறுவை ஒரு மணி நேரத்தில் முடியலாம். புண் ஆறுவதோ வீட்டில், பல வாரங்களில் நடக்கிறது. புண்ணின் மீது உடல் எடை விழாதிருப்பதே சிகிச்சையின் பாதி. ஒற்றைக் காலில் குந்தும் கழிப்பறைக்குச் செல்ல முடியாது. தெருக்குழாயில் நீர் பிடிக்கும் குடும்பத்தில் கட்டு நனையாமல் குளிப்பதும் அரிது. சென்னையின் நடுவிலிருந்து பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்களில், மின்தூக்கி நின்றால் நோயாளி மேல்தளத்திலேயே சிறைப்படுகிறார். கட்டு மாற்றச் செல்லும் நாள் தவறுகிறது. துணைக்கு இருக்க வேண்டிய மனைவியோ மகளோ தன் கூலியை இழக்கிறார். ஒரு காலுக்காக ஒரு வீட்டில் இரண்டு வருமானம் நிற்கிறது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. இழந்த கூலியை ஏற்பதில்லை. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவு மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. அதில் பெயர் பதிவாகியுள்ளதா என்று கேட்டறிய வேண்டும். ஆனால் ஓய்வுக்கு ஊதியம் எங்கிருந்து வரும்?

ஈ.எஸ்.ஐ. தரும் ஊதியம்

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த காலத்தில், தொழிலாளர் நலக் காப்பீடு பற்றிய அறிக்கையை பி.பி. அடார்கர் 1944இல் அளித்தார். 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் அதன் வழியே பிறந்தது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இத்திட்டத்தின் வரம்புக்குள் வருவர். ஒப்பந்த நிறுவனப் பணியாளர்களும் இதற்கு விலக்கல்லர்.

இதில் மூன்று பலன்களை வேறுபடுத்தி அறிய வேண்டும். முதலாவது, நோய்க்காலப் பலன்: ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு. இரண்டாவது, நீட்டித்த நோய்க்காலப் பலன்: பட்டியலிட்ட நெடுநாள் நோய்களுக்கு 80 விழுக்காடு, இரண்டாண்டு வரை. அந்தப் பட்டியலில் ‘நீரிழிவுப் பாதம்’ பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. ஆனால் இதற்கு இரண்டாண்டுத் தொடர் பணியும், அக்காலத்தில் 156 நாள் சந்தாவும் வேண்டும். மூன்றாவது, பணிக்காயத்துக்கான தற்காலிக ஊனப் பலன்: 90 விழுக்காடு, இதற்குக் குறைந்தபட்சச் சந்தா நாள் என்ற நிபந்தனையே இல்லை.

ஊதியத்தில் பிடித்த பணத்தை ஒப்பந்ததாரர் கட்டவில்லை என்பது தொழிலாளியின் குற்றமன்று. 40ஆம் பிரிவின்படி, ஒப்பந்தப் பணியாளருக்கான சந்தாவையும் முதற்கண் செலுத்தக் கடமைப்பட்டவர் முதன்மை வேலையளிப்பவரே.

ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே உள்ளவர்களுக்கு 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் உண்டு. பணியில் நேர்ந்த காயத்துக்கான மருத்துவச் செலவைத் திரும்பப் பெறும் உரிமை, தற்காலிக ஊனக் காலத்தில் மாத ஊதியத்தின் 25 விழுக்காட்டை அரைமாதத்துக்கு ஒருமுறை பெறும் உரிமை ஆகியவற்றை அது தருகிறது. 12ஆம் பிரிவு, ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதன்மை வேலையளிப்பவரையும் பொறுப்பாக்குகிறது. கோரிக்கைக்குரிய காலம் இரண்டாண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இவ்விரு சட்டங்களையும் உள்வாங்கியுள்ளது. பழைய பிரிவு எண்களே வழக்குகளில் பழகியவை என்பதால் அவற்றையே இங்குத் தந்துள்ளேன்.

‘சர்க்கரை நோய்தானே?’

எதிர்த்தரப்பின் வாதம் எப்போதும் ஒன்றே: காலைப் பறித்தது நோய், பணியன்று. இதற்கு விடை உண்டு. பணி மட்டுமே முழுக் காரணம் என்று சட்டம் கேட்பதில்லை. பணிக்கும் காயத்துக்கும் காரணத் தொடர்பு உண்டா என்றே கேட்கிறது. நெடுந்தொலைவு வண்டி ஓட்டிச் சென்ற வழியில் உடல்நலம் குன்றி இறந்த ஓட்டுநரைப் பற்றிய பரம் பால் சிங் வழக்கில், பணியின் அழுத்தம் மரணத்தை விரைவுபடுத்தியிருக்கக் கூடும் என்று கண்டு உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உறுதி செய்தது. நீரிழிவு இருந்தும் வேலை செய்துவந்த கால் அது; கண்ணாடி குத்தியதால் அறுவைக்கு வந்தது. இந்தத் தொடர்பை நிறுவ ஆவணம் வேண்டும்.

இழப்பின் அளவும் வாதத்துக்குரியது. சட்ட அட்டவணைப்படி கால் பெருவிரலை அடிமூட்டோடு இழந்தால் ஈட்டுந்திறன் இழப்பு 14 விழுக்காடு; வேறொரு விரலுக்கு 3 விழுக்காடு. நாள் முழுதும் நடந்தே பிழைப்பவருக்கு இக்கணக்கு பொருந்துமா? இடக்கையை இழந்த தச்சர் இனித் தச்சு வேலை செய்ய இயலாது என்பதால் அவருடைய இழப்பை முழு ஊனமாகவே கொண்ட பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கின் தீர்ப்பை இங்கே முன்வைக்கலாம்.

வேலைக்குத் திரும்பும் உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 20(4) பிரிவின்படி, பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் ஏற்ற வேறு பணி தர வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளையும் இது கட்டுப்படுத்தும். ஒப்பந்தப் பணியாளரோ இந்தக் காப்பின் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார். சென்னை மாநகராட்சியின் 5, 6ஆம் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் தனியார்மயத்தை எதிர்த்து அமர்ந்ததை ஊதியப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிரந்தரப் பணி என்பது நோயுறும் உரிமையும், குணமாகித் திரும்பும் உரிமையுமாகும்.

செய்ய வேண்டியவை

காயம் பட்ட அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். மறுத்தால் எழுத்தில் புகார் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் காயம் எங்கே, எதனால் ஏற்பட்டது என்பதைச் சொல்லி நோயாளிச் சீட்டில் பதியக் கேளுங்கள். காயத்தையும் செருப்பையும் தேதியோடு படமெடுங்கள். ஓய்வுக் காலத்துக்கு இடைவெளியின்றி மருத்துவச் சான்று பெறுங்கள். வீட்டில் புண் நாறினாலோ கருத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காரணமின்றிச் சர்க்கரை ஏறினாலோ அடுத்த கட்டு நாளுக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆறிய பிறகும் எம்.சி.ஆர். செருப்பின்றி வீட்டுக்குள்ளும் நடக்காதீர்கள்.

தொழிற்சங்கங்களுக்கும் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கழிவுநீர்க் குழி மரணத்துக்கு 30 லட்சம், அங்கு நேரும் நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம் என்று 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது நெடிய போராட்டத்தின் பயன். குழிக்கு வெளியே, தெருவில் விரல் விரலாக இழக்கப்படும் கால்களுக்கு அத்தகைய கணக்கு இன்னும் இல்லை. பணியாளர் அனைவருக்கும் ஆண்டுதோறும் பாதப் பரிசோதனை, காலுக்குப் பொருந்தும் பாதுகாப்புக் காலணி, ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு ஒப்பந்தப் பத்திரத்திலும் நிபந்தனையாக எழுதவைப்பது நம் அடுத்த கோரிக்கையாகட்டும்.