விளையாட்டு வீரரும் மூளையதிர்ச்சியும்

உடலுக்கு உறுதியும் உள்ளத்துக்கு உவகையும் அளிப்பது விளையாட்டு. எனினும், சில விளையாட்டுக்களிலே தலை மீண்டும் மீண்டும் அடியுறுகின்றது. அவ்வடிகளின் தீங்கு சின்னாளில் தீர்ந்துவிடுவதா, அன்றி ஆண்டுகள் பல கழிந்த பின்னும் தொடர்வதா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

மூளை மிக மென்மையானது. மண்டையோட்டினுள் பாய்பொருள் சூழ அமைந்தது. தலை திடீரெனத் திரும்பும்போதோ மோதி நிற்கும்போதோ மூளை முறுகி, அதன் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. இவ்வாறு மூளையின் தொழில் குழம்புதலே மூளையதிர்ச்சி. மூர்ச்சையடைந்தாலன்றி அது நிகழவில்லை எனக் கருதுதல் தவறு. தலைவலி, தலைச்சுற்று, மறதி, மனக்குழப்பம் ஆகியனவும் அதன் குறிகளே.

1928 இல் ஹரிசன் மார்ட்லன்ட் என்னும் அமெரிக்க வைத்தியர், குத்துச்சண்டை வீரர் சிலர் குடிவெறியர்போலத் தள்ளாடுதலையும் நாக்குழறுதலையும் எடுத்துரைத்தார். நெடுங்காலம் இது குத்துச்சண்டையாளர்க்கே உரிய நோயெனக் கொள்ளப்பட்டது. 2002 இல் அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் மைக் வெப்ஸ்டர் 50 ஆம் வயதில் இறந்தார். நைஜீரியாவிற் பிறந்த வைத்தியர் பெனற் ஒமாலு அவர் மூளையை ஆராய்ந்து, டௌ என்னும் புரதம் பிறழ்ந்து நரம்புக்கலங்களிற் படிந்திருத்தலைக் கண்டு, 2005 இல் வெளியிட்டார். 2002 இலேயே இங்கிலாந்து உதைபந்தாட்ட வீரர் ஜெவ் அஸ்ரலும் 59 ஆம் வயதில் இறந்தார். பந்தைப் பன்முறை தலையால் முட்டியதால் விளைந்த தொழில்நோயே காரணமென மரண விசாரணையிலே தீர்க்கப்பட்டது.

கிளாஸ்கோ ஆராய்ச்சியாளர், ஸ்கொத்லாந்தின் முன்னாள் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர் 7,676 பேரின் வரலாற்றை ஏனையோருடன் ஒப்பிட்டு 2019 இல் வெளியிட்டனர். நரம்புச்சிதைவு நோய்களால் இறத்தல் வீரரிடையே ஏறக்குறைய மூன்றரை மடங்காகக் காணப்பட்டது. ஆயின், இருதய நோயாலும் நுரையீரற் புற்றுநோயாலும் இறந்தோர் அவரிடையே குறைவு. ஆகவே, விளையாட்டைத் துறத்தல் வேண்டுமென்பது முடிபன்று. தலையைக் காத்தல் வேண்டுமென்பதே முடிபு.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். டௌ படிதலாலாகிய இந்நோயை இறந்தபின் மூளையை ஆராய்ந்தே ஐயமற நிறுவலாம். அவ்வாறு ஆராயப்பட்ட மூளைகளும் பெரும்பாலும் நோய்க்குறி காட்டியோருடையவை. ஆதலின், வீரருள் எத்துணையர் இந்நோயுறுவர் என அவற்றைக்கொண்டு கணித்தல் இயலாது. ஒருமுறை அதிர்ச்சியுற்றோருட் பெரும்பாலோர் சில வாரங்களிற் குணமடைவர். அடிகள் ஆண்டுக்கணக்கிற் குவிதலே அச்சத்துக்குரியது. குறி தோற்றாத சிற்றடிகளும் அக்குவியலிற் சேரும்.

ஐக்கிய அமெரிக்காவின் உதைபந்தாட்டச் சம்மேளனம் 2015 இல், பத்து வயதுக்குட்பட்ட சிறார் பந்தைத் தலையால் முட்டுதலைத் தடுத்தது. தலையடியுற்று மூளையதிர்ச்சி ஐயுறப்பட்டவனை உடனே களத்தினின்று நீக்குதலும், அன்றைய தினம் மீண்டும் ஆடவிடாமையும், வைத்தியர் இசைவுடன் படிப்படியாகவே திரும்பவிடுதலும் இன்றைய விதிகள். காலில் அடியுற்றவன் தன் நோவைத் தானே அளந்து கூறுவான். மூளையில் அடியுற்றவனுக்கோ, அளக்கவேண்டிய கருவியே பழுதுற்றுள்ளது. ஆதலின், 'ஆடுவேன்' என்னும் அவன் சொல்லை வீரமெனப் போற்றாது, அவன்பொருட்டுத் தீர்மானித்தல் ஆசிரியர்க்கும் அணித்தலைவனுக்கும் உரிய கடனாகும்.