வண்டி நிற்கவும் வேண்டும், மனிதர் நடக்கவும் வேண்டும்

சென்ற மாதம் ஊரிலிருந்து வந்திருந்த என் தாயாரை, நமது சிட்டி ரயில் நிலையத்திலிருந்து காந்திநகர்க் கடை ஒன்றிற்கு நடத்தி அழைத்துச் சென்றேன். தூரம் அரை மைல்தான். ஆயினும் நடைபாதை நெடுகிலும் ஸ்கூட்டர்கள். அவை விட்ட இடத்தில் கார்கள். மூன்று முறை சாலையில் இறங்க நேர்ந்தது. மூன்றாம் முறை, பின்னால் வந்த பேருந்தின் ஒலி கேட்டு நடுங்கி என் கையைப் பற்றியவர், கடை வரும்வரை விடவில்லை. "இத்தனை பெரிய பட்டணத்தில் கால் வைக்க இடமில்லையாப்பா?" என்றார்.

வண்டிக்காரரை வைதல் எளிது. நம் சங்க அன்பர் பலரிடமும் ஸ்கூட்டர் உண்டு, அடியேனிடமும் உண்டு. கடைத்தெருவிற்கு வருவோர் அதனை எங்கேனும் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தி இறங்கிய மறுகணம் அவரும் பாதசாரியே என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

ரயில்வேயில் நிற்கும் வண்டியைப் பிரதானப் பாதையில் விட்டுவைப்பதில்லை, சைடிங்கில் ஒதுக்குவோம். இம்முறையையே ரெசிடென்சி சாலை, செயின்ட் மார்க்ஸ் சாலை முதலியவற்றில் 'டெண்டர் ஷ்யூர்' திட்டத்தார் கையாண்டனர். வண்டி ஓடும் பகுதி எங்கும் ஒரே அகலம், எஞ்சியது நடப்போருக்கு, நிறுத்துமிடம் ஓரத்தில் வெட்டிய குழிவில். நடைபாதையில் தடையின்றி 1.8 மீட்டராவது வேண்டும் என்பது இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012-இல் வகுத்த நெறி. இருவர் எதிரெதிரே இடியாமல் செல்ல அதற்குக் குறைந்தால் ஆகாது.

சர்ச் தெரு 2018-இல் கல் பதித்துப் புதுப்பிக்கப்பெற்றது. 2020 நவம்பர் முதல் 2021 பிப்ரவரி வரை சனி, ஞாயிறுகளில் மோட்டார் வண்டிகளை அங்கே விடாமல் நிறுத்தினர். வண்டி வராவிடில் வியாபாரம் படுத்துவிடும் என்பது வணிகர் எங்கும் கூறும் அச்சம். அங்கோ மக்கள் திரண்டு வந்தனர்.

அவ்வாறாயின் வண்டிகள் எங்கே போகும்? காந்திநகருக்கு அருகில், பழைய மத்தியச் சிறை இருந்த சுதந்திரப் பூங்காவில், பல அடுக்கு நிறுத்துமிடம் 2024-இல் திறக்கப்பெற்றது. காரும் ஸ்கூட்டருமாக ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் கொள்ளும். ஆயினும் தொடக்கத்தில் வந்தவை சிலவே. தெருவோரம் இலவசமாய்க் கிடைக்க, காசு கொடுத்து மாடியேறுவார் யார்? அமெரிக்காவின் பழைய பசடினாக் கடைவீதியில் 1993-இல் தெருவோர நிறுத்தத்திற்கு மீட்டர் வைத்து, அவ்வருவாயை அதே வீதியின் நடைபாதைக்கும் மரங்களுக்கும் செலவிட்டனர். தம் காசு தம் வாசலிலேயே பயன்படக் கண்டபின் கடைக்காரரும் இணங்கினர். நம் காந்திநகர் வணிகருக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம்.

அழகு என்பது பூந்தொட்டி மட்டுமன்று. நிறுத்துமிட வாயிலில் நடைபாதை தாழாமல் ஒரே மட்டமாய்த் தொடர வேண்டும். ஏறி இறங்க வேண்டியது காரே. அப்போதுதான் அதன் வேகம் தணியும். நான்கு வண்டிக்கு ஒரு மரமேனும் நிழல் தரட்டும். ஸ்கூட்டர் ஏறாதபடி கல்தூண்கள் நடலாம். சக்கர நாற்காலி நுழைய இடைவெளி விடுதல் அவசியம்.

அம்மா தை மாதம் மீண்டும் வருகிறார். இம்முறை மெட்ரோவில் மகாத்மா காந்தி சாலையில் இறங்கி, சர்ச் தெருவில் சற்று நடத்திக் காட்டலாம் என்றிருக்கிறேன். கடைக்குப் பிறகு போய்க்கொள்ளலாம்.