மரம் பிளக்கும், தோல் பிளக்காது



வாலாஜாபாத் பக்கத்துச் சேரி ஒன்றில் சென்ற ஆண்டு பறைப் பயிற்சி நடத்தினோம். (தோல் என்றதும் பலர் வாலாஜாப்பேட்டையை நினைப்பார்கள். தோல் பதனிடும் ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பது அது. இது பாலாற்றங்கரையில் உள்ள நம் ஊர்.) அங்கே ஒரு மாணவர் கேட்டார்: "மரவில்லின் முதுகில் பச்சைத்தோலை ஒட்டுவார்கள் என்று படித்தேன். மரத்துக்குத் தோல் என்ன பலம் கொடுக்கும்?" எங்களிடம் பதில் இல்லை. ஓரத்தில் பறையைத் தீயில் காட்டிக்கொண்டிருந்த பெரியவர் தலை தூக்காமலே சொன்னார்: "மரம் பிளக்கும். தோலு பிளக்காதுப்பா."

அந்த ஒரு வரியை விளங்கிக்கொள்ள எங்களுக்குச் சில வாரங்கள் பிடித்தன.

வில்லை வளைக்கும்போது எய்பவருக்கு எதிர்ப்புறத்து முகம் இழுபடுகிறது. எய்பவரைப் பார்த்த முகம் நசுங்குகிறது. வில் முறிவது பெரும்பாலும் இழுபடும் பக்கத்தில் தொடங்கும். செதுக்கும்போது நார் அறுபட்ட இடத்திலோ கணு உள்ள இடத்திலோ ஒரு சிறு சிராய் எழும்பும். அடுத்த இழுப்பில் வில் இரண்டாகிவிடும். அந்த முதுகில் மெல்லிய பச்சைத்தோலை ஈரமாக விரித்து, வச்சிரம் தடவி ஒட்டி, துணி சுற்றி இறுகக் கட்டிக் காயவைத்தால் சிராய் எழும்ப வழியில்லை. அந்த வச்சிரமும் தோலைக் காய்ச்சி எடுப்பதுதான். தோல் அம்புக்கு வேகம் கூட்டாது. தடித்தால் எடை கூடி, அம்பு மந்தப்படும். அதன் வேலை காவல் மட்டுமே. தென்மாவட்டத்து வில்லுப்பாட்டின் வில்லிலும் தோல் உண்டு. அங்கே அது முதுகில் இல்லை, நாணில் இருக்கிறது.

பச்சைத்தோல் என்றால் பதனிடாத தோல். உப்பிட்டு, சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, மயிரையும் உட்புறச் சவ்வையும் சுரண்டி எடுத்து, அப்படியே உலர்த்துவது. ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்டால் தோல் அழுகாது, வளைந்து கொடுக்கும். செருப்புக்கு அதுதான் வேண்டும். ஆனால் பச்சைத்தோலின் ஒரு குணம் அதில் போய்விடும். நனைந்தால் துணிபோல் இளகி, காயும்போது சுருங்கி, தான் பற்றிய மரத்தை இறுக்கிப் பிடிக்கிற குணம் அது. தோலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் கொலாஜன் நார்களின் வேலை. மரத்தின் நார் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுகிறது, அதனால் பிளக்கிறது. தோலின் நாருக்கு ஒரே திசை இல்லை. பெரியவர் சொன்னது இதைத்தான்.

பறையிலும் இதே பாடம்தான். மூன்று வேப்பங்கட்டைகளை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகட்டால் இணைத்து வட்டமாக்குகிறோம். புளியங்கொட்டைப் பசை தடவி, ஈரத்தோலை இழுத்து ஒட்டுகிறோம். தோல் காயக் காய, அதன் இழுவிசை மூன்று துண்டுகளையும் ஒன்றாக நெருக்குகிறது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தோல் தொய்யும், ஓசை செத்துவிடும். அதனால்தான் தீயில் காட்டுவது. தோல் ஒட்டிய வில்லும் ஈரத்தில் இப்படித்தான் தளரும்.

இதைக் கண்டுபிடித்தவர்களை யாரும் விஞ்ஞானி என்று சொல்லவில்லை. காஞ்ச அய்லய்யா குழந்தைகளுக்காக 2007இல் எழுதிய நூலில் தோல் பதனிட்டவர்களை அறிவியலாளர்கள் வரிசையில் வைத்தார். நம் பாடப்புத்தகங்கள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. மிருதங்கத்தைப் பாருங்கள். பலாமரக் கட்டை, பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் வார். மேடையில் வாசிப்பவர் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். கட்டியவர் பெயர்? தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்தையும் மற்றக் கைவினைஞர்களையும் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் நூல் எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. தோல் மேடையேறலாம், அது எங்கிருந்து வந்தது என்ற பேச்சு மட்டும் ஏறக்கூடாது.

மேடைக்கு வெளியே நிலைமை இன்னும் கொடியது. 2002 அக்டோபரில் ஹரியானாவின் ஜஜ்ஜர் அருகே துலினா காவல் சாவடியில் ஐந்து தலித்துகளை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்தார்கள். அதன்பின் அங்குள்ள தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தில் போட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிணமோ விலங்கின் சடலமோ சுமக்க வைப்பதையும் குழி தோண்ட வைப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. நம் ஊர் நாட்டாமைகளுக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆக, இரண்டு பேச்சு நமக்குள்ளேயே இருக்கிறது. 1927இல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டிறைச்சியை விடச் சொன்னார். பறையை உடைத்தெறிந்த தோழர்களும் அந்த வழியில் வந்தவர்களே. அவர்கள் செய்தது சரி. பறையை விடுதலை இசையாக எடுத்தவர்கள் செய்ததும் சரி. வேலையைத் திணிப்பதை மறுக்கிறோம், வேலைக்குள் இருக்கும் அறிவை மறுக்கவில்லை என்று மேடையில் நாங்களும் சொல்லிவிடுவோம். பெரியவரிடம் அது எளிதாகச் செல்லவில்லை. பேரனுக்குத் தோல் கட்டச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டோம். "அவன் படிக்கட்டும்பா. இந்த நாத்தம் என்னோடவே போவட்டும்" என்றார். நாங்கள் வாயடைத்து நின்றோம்.

இன்னொன்றும் அந்த முகாமில் நடந்தது. பறை அடிக்க நாற்பது பேர் வந்தார்கள், பல சாதியிலிருந்தும். ஈரத்தோலைச் சுரண்டும் நாளில் வந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் சேரிப் பிள்ளைகள். மற்றவர்களுக்குத் தேர்வு, காய்ச்சல், ஊரில் திருவிழா. பறையின் ஓசை எல்லாருக்கும் பொது. தோலின் வாடை மட்டும் இன்னும் நமக்கே. தீட்டு பற்றிச் சமூகவியல் வகுப்பில் நாங்கள் படித்ததைவிட அந்த வருகைப் பதிவேடு தெளிவாகச் சொன்னது.

இந்த ஆண்டு முகாமில் விதியை மாற்றியிருக்கிறோம். தோல் ஊறப்போடுவதும் சுரண்டுவதும் முதல் இரண்டு நாள், எல்லாருக்கும் முறை வைத்து. குச்சியைக் கையில் தருவது மூன்றாம் நாள்தான். கற்றுத்தர ஒப்புக்கொண்டால் பெரியவருக்குக் கல்லூரி விரிவுரையாளருக்குரிய நாள் மதிப்பூதியம். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.