ரெயில் இருக்கு... காத்து இருக்கு... மழை வந்தால் தூக்கம் இல்லை! தாம்பரத்தில் குடியிருப்பது லாபமா, நஷ்டமா?

(நமது நிருபர்)

தாம்பரம்:

"பட்டணத்தில் வாடகை கட்டி மாளலை. தாம்பரம் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டால் நிம்மதி!"

டீக்கடையில் இப்படிப் பேசாத குமாஸ்தா கிடையாது. நிம்மதி உண்டுதான். ஆனால் வாங்குகிற மனை மேடா, பள்ளமா என்பதைப் பொறுத்தது அது!

ரெயில் வளர்த்த ஊர்

1931-ம் ஆண்டு கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவிலேயே முதல் மின்சார ரெயில் இதுதான். அன்று மீட்டர் கேஜ் பாதை. 2004-ல் அது முடிந்து, இன்று எல்லாம் அகலப் பாதை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் நகராமல் நின்றாலும் ரெயில் வந்துவிடும். பாரிமுனைக் கடைக்காரரும், எழும்பூர் ஆபீஸ்காரரும் இந்த வண்டியை நம்பித்தான் இங்கே வீடு பிடித்தார்கள்.

இன்னொரு லாபம் காற்று. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து இங்கே காசநோய் ஆஸ்பத்திரி தொடங்கினார். அப்போது அந்த நோய்க்குச் சரியான மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, இதுதான் வைத்தியம். பக்கத்து ரெயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்று பெயர் வந்துவிட்டது.

1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி இங்கே குடிபெயர்ந்தது. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனது.

49 சென்டி மீட்டர்!

இனி நஷ்டக் கணக்கு.

2015 டிசம்பர் 1-ந் தேதி காலையில் இருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டி மீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. படகு விட்டு ஜனங்களை மீட்டார்கள்.

"செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த வினை" என்று பலர் சொல்வார்கள். சைதாப்பேட்டைக்கு அந்தப் பேச்சு பொருந்தும். முடிச்சூருக்குப் பொருந்தாது. செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் கலக்கும் இடம் திருநீர்மலை. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. இங்கே புகுந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வந்த தண்ணீர். ஏரிக்குக் கீழே இருந்த வயல் எல்லாம் மனை ஆகிவிட்டது. வாய்க்கால் குறுகிவிட்டது. தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் வரும்!

2023 டிசம்பரில் மிக்ஜம் புயல் வந்தபோதும் அதே பகுதிகளில் அதே கதை.

கிழக்குத் தாம்பரம் பக்கம் வேறு வழி. செம்பாக்கம் முதலான ஏரிகளின் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடலில் சேர வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்தைக் கட்டடமும் குப்பை மேடும் தின்றது போக மிச்சம்தான் இருக்கிறது. 2022-ல் அது ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

கோடையில் குடம்

மழையில் இப்படி என்றால் கோடையில் நேர் எதிர். 2019-ல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டன. ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். புறநகர் தெருக்களில் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன.

இரண்டு கஷ்டத்துக்கும் காரணம் ஒன்றே. ஏரி நிரம்பி நின்றால்தான் கிணற்றில் ஊற்று. ஏரியைத் தூர்த்தால் மழையில் வெள்ளம், வெயிலில் வறட்சி.

மனை பார்க்கப் போறீங்களா?

"ஸ்டேஷனுக்குப் பத்தே நிமிஷம்" என்பார் புரோக்கர். அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

2015-ல் இந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணி நின்னுச்சு என்று பக்கத்துப் பெட்டிக்கடையில் கேளுங்கள். பழைய சுவர்களில் தண்ணீர்க் கறை தெரிகிறதா பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அந்தச் சர்வே நம்பர் 'அ' பதிவேட்டில் ஏரி, வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

முக்கியமாக, மே மாச வெயிலில் மனை பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். அன்றைக்கும் தெரு காய்ந்து கிடந்தால் தாராளமாக வாங்கலாம்!