முதலில் கோப்புகள், பிறகு கணினி

மின்சாரம் திடீரெனத் துண்டிக்கப்பட்டு மீண்டும் வந்த பின்னர் மடிக்கணினி இயங்கத் தொடங்குகிறது. ஆனால் முன்போல் இல்லை. ஒரு கோப்பைத் திறக்கப் பல நிமிடங்கள் செல்கின்றன. திரை இடையிடையே உறைந்து நிற்கிறது. இத்தகைய வேளையில் நம்மிற் பலர் செய்வது இரண்டிலொன்று: கணினியைத் திரும்பத் திரும்ப நிறுத்தி இயக்குவது, அல்லது கடைக்குக் கொண்டு சென்று, அனைத்தையும் அழித்து விண்டோஸை மீள நிறுவச் சொல்வது. இவ்விரண்டுமே, கணினியைக் காட்டிலும் பெறுமதி வாய்ந்த ஒன்றை நாம் இழப்பதற்குக் காரணமாகலாம்.

அந்தப் பெறுமதி யாதென்பதை வன்னி மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியிலிருந்து ஏ-35 வீதி முல்லைத்தீவு நோக்கிப் பிரிகிறது. 2008 இன் பிற்பகுதியிலும் 2009 இன் தொடக்கத்திலும் இப்பகுதி மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது காணி உறுதிகளும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் குடும்ப ஒளிப்படங்களும் அழிந்து போயின. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் தம் வீடுகளோடு ஆவணங்களையும் விட்டே புத்தளம் முதலிய இடங்களுக்குச் சென்றனர். அலைந்து திரிந்து மீளப் பெற்ற பத்திரங்களின் படிகளும், எஞ்சிய படங்களும், பிள்ளைகளின் படிப்பு வேலைகளும் இன்று பல வீடுகளில் ஒரேயொரு மடிக்கணினிக்குள் இருக்கின்றன. அது மந்தமாகும்போது எழ வேண்டிய முதற் கேள்வி ‘எப்படி வேகப்படுத்துவது?’ என்பதன்று, ‘உள்ளே இருப்பதை எப்படிக் காப்பது?’ என்பதே.

மின்கலம் உள்ள மடிக்கணினியை மின்வெட்டு எவ்வாறு பாதிக்கும் எனச் சிலர் வினவலாம். சில ஆண்டுகள் பழகிய கணினியில் மின்கலம் செயலிழந்துவிடுவது வழக்கம். அதன்பின் அது சுவர் மின்சாரத்தை மட்டுமே நம்பி இயங்குகிறது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் துண்டிக்கப்பட்டதையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் நேர்ந்த கோளாறினால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் நின்றால், அந்த எழுத்து அரைகுறையாகவே நின்றுவிடும்.

பழைய மடிக்கணினிகளில் உள்ள வன்றட்டு, சுழலும் வட்டுகளால் ஆனது. அவை பொதுவாக நிமிடத்திற்கு 5,400 தடவை சுழல்கின்றன. தரவை வாசிக்கும் முனை, வட்டைத் தொடாமல், தலைமயிரின் தடிப்பினும் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. கணினி இயங்கிக்கொண்டிருக்கையில் விழுந்தாலோ, மோட்டார் சைக்கிளில் குலுங்கினாலோ, முனை வட்டில் உரசி அவ்விடத்தைப் பழுதாக்கிவிடலாம்.

மந்தம் இங்கிருந்தே தொடங்குகிறது. நல்ல நிலையிலுள்ள பகுதியை வன்றட்டு ஒரு நொடியின் சிறு பங்கில் வாசித்துவிடும். பழுதான பகுதியை அடைந்தால் உடனே கைவிடாது. திரும்பத் திரும்ப முயலும். ஒரே பகுதிக்காகப் பல நொடிகள் கழியும். அதுவரை பின்னால் நிற்கும் கட்டளைகள் யாவும் காத்திருக்கும். ‘டாஸ்க் மனேஜர்’ பகுதியில் வன்றட்டின் பயன்பாடு 100 வீதம் எனக் காட்டியும், பரிமாறப்படும் தரவின் அளவு மிகச் சொற்பமாக இருப்பது இதன் அறிகுறியாகும். ‘டிக், டிக்’ என்ற ஓசையும் கேட்குமாயின் கணினியை உடனே நிறுத்திவிடுதல் வேண்டும்.

வன்றட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ‘ஸ்மார்ட்’ எனும் ஏற்பாட்டைக் கொண்டது. ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ போன்ற இலவச மென்பொருள் அதை நமக்குக் காட்டும். நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. எனினும் நீலத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட வன்றட்டுகளை ஆராய்ந்து கூகுள் நிறுவனத்தினர் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்தவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் எதனையும் முன்னர் காட்டியிருக்கவில்லை. மறுபுறம், தன் மேற்பரப்புச் சோதனையில் முதற் பிழையைக் காட்டிய வன்றட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு ஏனையவற்றை விட 39 மடங்கு அதிகமாக இருந்தது. ஆகவே எச்சரிக்கை தோன்றினால் நாள் கடத்தலாகாது.

செய்ய வேண்டியவற்றின் ஒழுங்கு இதுதான். முதலில், புற வன்றட்டு ஒன்றையோ போதிய இடமுள்ள பென் டிரைவையோ இணைத்து, இன்றியமையாத கோப்புகளைப் படியெடுக்க வேண்டும். ஆவணங்கள் முன்னே, ஒளிப்படங்கள் அடுத்து, திரைப்படங்களும் பாடல்களும் கடைசியில். ஒரு கோப்பு நகராது நின்றால் அதைத் தாண்டி அடுத்ததற்குச் செல்ல வேண்டும். விண்டோஸ் திறக்கவே மறுத்தால், லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் இட்டு அதிலிருந்து கணினியை இயக்கிப் படியெடுக்கலாம். மறைகுறியிடப்பட்ட புதிய கணினியாயின் ‘பிட்லொக்கர்’ மீட்புத் திறப்பு இன்றி அதுவும் இயலாது. அத்திறப்பை இப்போதே தாளில் எழுதி வைத்தல் நன்று.

படியெடுக்கும் முன்னர் ‘செக் டிஸ்க்’ கட்டளையை ஏவுவதும், வன்றட்டை ஒழுங்குபடுத்தும் ‘டிஃபிராக்’ வேலையைச் செய்வதும், விண்டோஸை மீள நிறுவுவதும் தவறு. இவை ஏற்கெனவே நலிந்த வட்டின் மீது மேலும் சுமையை ஏற்றுபவை. சிலவேளை மீட்கத்தக்க கோப்பையும் மாற்றிவிடுபவை. சுழலும் வட்டில்லாத எஸ்.எஸ்.டி. வகையில், அழித்த கோப்பை மீட்பது பெரும்பாலும் முடியாத காரியம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கோப்புகள் பத்திரமான பின்னரே திருத்த வேலை. எச்சரிக்கை ஏதும் இல்லையெனில் ‘செக் டிஸ்க்’ ஏவி, அரைகுறையாக நின்ற எழுத்துகளைச் சீர்செய்யலாம். வன்றட்டில் இடம் நிரம்பியிருத்தல், தூசி அடைத்த விசிறியினால் சூடேறுதல் ஆகியனவும் மந்தத்திற்குக் காரணமாகும். வன்னியின் வெயிலிலும் புழுதியிலும் பின்னையது அரிதன்று. வன்றட்டே பழுதென்றால் அதை அகற்றி எஸ்.எஸ்.டி. பொருத்துவதே தீர்வு, பல பழைய கணினிகள் அதன்பின் முன்னிலும் விரைவாக இயங்கக் காணலாம். கடையில் கொடுக்கும்போது, ‘கோப்புகளை எடுத்த பின்பே அழியுங்கள்’ என்று தெளிவாகச் சொல்லுதல் அவசியம்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறிடத்திற் படியிருந்த நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. படியில்லாத சுவடிகள் போனவை போனவையே. வீட்டு ஆவணங்களுக்கும் இதே விதிதான். கணினியில் ஒரு படி, புற வன்றட்டில் ஒரு படி, வேறோர் ஊரிலுள்ள உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ ஒரு படி என மூன்றிடத்தில் வைத்திருப்பவருக்கு, கணினியின் மந்தம் வெறும் தொல்லை மட்டுமே. ஒரே இடத்தில் வைத்திருப்பவருக்கோ அது இன்னுமோர் இழப்பின் தொடக்கமாகலாம். கணினி நன்றாக இயங்கும் இன்றைய நாளே படியெடுப்பதற்கு உகந்த நாள்.