உவர் மண்ணில் ஒரு செங்கிழங்கு

பீற்றூட் என்ற பெயரைக் கேட்டவுடன் நுவரெலியாவும் அதன் குளிருமே நம்மவர் மனத்தில் தோன்றும். கரட், லீக்ஸ், கோவா ஆகியவற்றுடன் சேர்த்து அதனையும் மலைநாட்டு மரக்கறி என ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆயினும் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் மாரி தணிந்ததும் பீற்றூட் செழித்து விளைவதையும், கற்பிட்டி மணலில் அது பயிராவதையும் கண்டவர்கள், பனியும் குளிரும் இன்றியே இக்கிழங்கு திரளும் என்பதை அறிவர். அங்ஙனமாயின், குடாநாட்டுக்கு அப்பால் கடல் நடுவே கிடக்கும் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய இடங்களில் இப்பயிருக்கு வாய்ப்பு உண்டா? நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

இவ்வினா வெறும் பொழுதுபோக்கன்று. நெடுந்தீவுக்கு மரக்கறி வேண்டுமாயின், அது யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து குறிகட்டுவான் துறைக்கு வந்து, அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகிற் செல்லவேண்டும். வாடைக்காற்றில் கடல் குமுறினால் படகு ஓடாது. படகு ஓடாத நாளில் சட்டியில் என்ன வேகும் என்பதைத் தீவுப் பெண்களைக் கேட்டால் தெரியும். பீற்றூட் விளையக்கூடிய காலமும் அந்த வாடைக்காலமே என்பது கவனிக்கத்தக்கது.

இனி இச்செடியின் பிறப்பைப் பார்ப்போம். இதன் மூதாதை மலையிற் பிறந்ததன்று. மத்தியதரைக் கடலையும் மேற்கு ஐரோப்பாவையும் அடுத்த கடற்கரைகளில், உப்புக் காற்றிலும் அலைத்திவலையிலும் வளர்ந்த காட்டுச் செடி அது. இன்றும் அக்கரைகளில் அதனைக் காணலாம். நமது கடனீரேரிக் கரைகளிற் சிவந்து படரும் உமரியும், முற்றத்தில் வளரும் முளைக்கீரையும் பீற்றூட்டின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கத்தரிக்காயின் ஊதா நிறம் வேறு. பீற்றூட்டின் சிவப்பு வேறு. பின்னது 'பீற்றாலெயின்' எனப்படும் சாயவகை. வேலியோரத்து நாகதாளிப் பழத்தைச் சிவப்பாக்குவதும் அச்சாயமே. ஆகவே, பீற்றூட் நம் தீவுகளுக்கு அந்நியமான விருந்தாளி அன்று. தூரத்து உறவினன் எனலாம்.

இந்த உறவின் பயனை எண்களிற் கூறுவோம். மண்ணீரின் உப்புத்தன்மையை அது மின்னைக் கடத்தும் ஆற்றலைக் கொண்டு அளப்பர். அளவை மீற்றருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்பர். இவ்வளவு கரட்டுக்கு 1.0, வெங்காயத்துக்கு 1.2, மிளகாய்க்கு 1.5 என்ற எல்லையைத் தாண்டியதும் விளைச்சல் குறையத் தொடங்கும். பீற்றூட்டுக்கோ 4.0 வரை குறைவில்லை. வெங்காயமும் மிளகாயும் வாடிப்போகும் கிணற்றடியில் இது நின்று பிடிக்கும் என்பது இதனாற் பெறப்படும். ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. விதை முளைக்கும் பருவத்தில் இச்செடிக்கு அந்த வலிமை இல்லை; அப்போது 3.0க்கு மேற்பட்ட உப்பை அது தாங்காது.

இங்கேதான் தீவுக் கிணறுகளின் இயல்பை நினைவிற் கொள்ளவேண்டும். இத்தீவுகளில் ஆறில்லை. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, தன்னிலும் கனமான கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் உண்டு என்பது கணக்கு. ஒல்லாந்தரான கைபன், ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் தத்தம் நாட்டுக் கரைகளை ஆராய்ந்து கண்ட உண்மை இது. இதன் மறுபக்கம் அச்சந் தருவது. இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், கீழேயுள்ள உவர்நீர் 40 அடி மேலெழ முனைகின்றது. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பு என்பதில்லை. உப்பைத் தாங்கும் பயிர் என்ற துணிவில் கிணற்றை வற்ற இறைப்பதை நாம் ஒருபோதும் ஆதரியோம். நெடுந்தீவுச் சாராப்பிட்டிக் கிணறுகள் போன்ற நன்னீர் இடங்கள் குடிப்பதற்கே உரியவை.

கார்த்திகை, மார்கழியில் மழை பெய்து ஓய்ந்தபின் கிணற்று நீர் இனிப்பாயிருக்கும். பங்குனிக்குப் பின் உவர்ப்பு ஏறத் தொடங்கும். பீற்றூட் 60 முதல் 75 நாட்களிற் கிளறத்தக்க பயிர். மார்கழி முற்பகுதியில் விதைத்தால், மென்மையான முளைப்பருவத்துக்கு நன்னீர் கிடைக்கும். உப்பைத் தாங்கும் வலிமை வந்தபின் நீர் சற்று உவர்த்தாலும் கேடில்லை. பயிரின் இயல்பும் கிணற்றின் இயல்பும் இவ்வாறு கைகோத்து நடப்பது அரிது. ஐப்பசியில் அவசரப்பட்டு விதைத்தால் பெருமழையில் விதை அழுகும்; மாசி கடந்து விதைத்தால் வெயிலும் உப்பும் சேர்ந்து வாட்டும்.

வெப்பத்தைப் பற்றியும் ஒளிவின்றிக் கூறவேண்டும். இப்பயிர் விரும்புவது 15 முதல் 20 பாகை செல்சியஸ். நமது மார்கழி, தை மாதங்களில் வெப்பநிலை சராசரியாக 25 பாகையை ஒட்டியே இருக்கும். ஆகையால் கிழங்கு மலைநாட்டுக் கிழங்கைப் போல இனிப்பாகவும் ஒரே செந்நிறமாகவும் அமையாது. வெப்பம் கூடினால் உள்ளே வெளிறிய வளையங்கள் தோன்றும். அவை நோயல்ல, உண்ணலாம். 'கிறிம்சன் குளோப்' என்னும் இனம் சூட்டுக்கு ஓரளவு ஈடுகொடுக்கும்.

பாத்தி அமைப்பதில்தான் தீவார் உழைக்கவேண்டியிருக்கும். கல் மேலே கிடக்கும் நிலமாதலால், சல்லியைப் பொறுக்கி, ஒன்றரை அடி ஆழத்துக்கு மண் நிற்குமாறு மேட்டுப்பாத்தி கட்டுதல் நன்று. நெடுந்தீவின் கல்வேலிகள் ஆடுமாட்டையும் அலையும் குதிரைகளையும் தடுப்பதோடு வாடைக்காற்றின் வேகத்தையும் தணிக்கும். எருவுக்கு ஆட்டுப்பட்டி உண்டு. நம் முன்னோர் தாழ்த்த பனையோலை உண்டு. கரையில் ஒதுங்கும் சாதாழை உண்டு. சாதாழையை மழையில் நன்கு கழுவவிட்டே இடவேண்டும். அதிலே பீற்றூட் பெரிதும் வேண்டி நிற்கும் போரன் சத்தும் உண்டு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இச்சத்து செடிக்குக் கிட்டாது போனால் கிழங்கின் உள்ளே கறுத்துவிடும். வெண்காரம் தூவி இதனைத் தீர்க்கலாமாயினும், அளவு சிறிது மிஞ்சினாலும் நஞ்சாகுமாதலால், விவசாயப் போதனாசிரியரைக் கேட்டே செய்க. யூரியாவை அள்ளிக் கொட்டுவதும் தகாது; மிகுதி நைத்திரேற்று கிழங்கிலும் தேங்கும், கிணற்றிலும் இறங்கும்.

விதை என நாம் வாங்குவது உண்மையில் சில விதைகள் சேர்ந்த ஒரு கொத்து. ஓரிரவு நீரில் ஊறவைத்து, அடிக்கு அடி வரிசை விட்டு, அரை அங்குல ஆழத்தில் நடுக. ஒன்றிலிருந்து மூன்று நான்கு முளை எழும். வலியதை விட்டு, நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகப் பிறவற்றைக் களைதல் வேண்டும். இரக்கப்பட்டு எல்லாவற்றையும் விட்டுவைப்பவருக்கு இலை கிடைக்கும், கிழங்கு கிடையாது. பூத்து விதை தருவதற்கு இச்செடி சில வாரம் கடுங்குளிரில் இருக்கவேண்டும். நம் நாட்டுச் சூட்டில் அது பூப்பதே இல்லை. கிழங்கு நார்ப்பற்றாமல் இருப்பதற்கு இது நன்மை; ஆயினும் ஆண்டுதோறும் பிறநாட்டு விதையைக் காசு கொடுத்து வாங்கவேண்டியிருப்பது இதன் குறை.

1990, 1991ஆம் ஆண்டுகளில் போர் காரணமாகத் தீவுகளைவிட்டுப் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர், மீளாதோர் பலர். தறைகள் பல பற்றை மண்டிக் கிடக்கின்றன. எஞ்சியிருக்கும் முதியோருக்கு ஏக்கர் கணக்கிற் பயிரிடுமாறு கூறுவது பொருந்தாது. பத்தடி நீளப் பாத்தி இரண்டு, நாளுக்குச் சில வாளி நீர்: இவ்வளவு அவர்களாலும் இயலும்.

கிழங்கு திரளும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. களைந்த நாற்றையும் முற்றாத இலையையும் தேங்காய்ப்பூவிட்டு வறை செய்தால் முளைக்கீரைக்கு எவ்வகையிலும் தாழாது. சிவப்பைக் கண்டு 'இரத்தம் ஊறும்' என்பது பாட்டிமார் கூற்று; நிறத்துக்கும் இரத்தத்துக்கும் உறவில்லை, எனினும் இதிலுள்ள போலேற்று குருதி உண்டாவதற்கு வேண்டிய சத்தே. மறுநாட் சிறுநீர் சிவந்திருந்தால் பீற்றூட் உண்டதை நினைவுகொள்க, வைத்தியரிடம் ஓடவேண்டாம். கிழங்கு தேசிக்காய் அளவைத் தாண்டி, சிறு பந்து அளவை எட்டியதும் கிளறிவிடுதல் வேண்டும். மாசி முடியும்வரை மண்ணிலே விட்டுவைத்தால் வெடிப்பும் நாரும் காணும். கிளறியபின் இலையை இரண்டு அங்குலத் தண்டு நிற்க அறுத்து, ஈரமணலிற் புதைத்து நிழலில் வைத்தால், படகு வராத சில கிழமைகளுக்குக் கறிக்குக் குறைவிராது.